கொட்டகை வாசலில் நட்ட விதி

முன்னொரு காலத்தில், மார்கழியிலும் விசிறி தேடுகிற ஒரு நாட்டில், கம்பளி போர்த்த ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். இன்பவரத மகாராஜா என்று பெயர். நல்ல மனிதர். எதிரில் யாராவது கண்ணைக் கசக்கினால் இவருக்கு மூக்கு சிவந்துவிடும். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் ஆசை வரும் அல்லவா? ஒருநாள் கடல் கடந்த குளிர்தேசத்துத் தூதன் ஒருவன் வெள்ளைக் கம்பளிச் சால்வை ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். ராஜா அதை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அன்றோடு பட்டும் போயிற்று, பருத்தியும் போயிற்று. சித்திரை வெயிலில், நெற்றியிலிருந்து வழிகிற வியர்வையைத் துடைத்தபடி சபையைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தச் சபாமண்டபம் முழுவதும் கம்பளம் விரிக்க வேண்டும். சுவர் முதல் சுவர் வரை. விஜயதசமிக்குள்."

"ஆகா!" என்றார்கள் மந்திரிகள். கேட்ட மாத்திரத்திலேயே அவர்களுக்கு முதுகு நனைந்துவிட்டது. ஆனால் ராஜாவிடம் யார் சொல்வது?

உள்ளூர் ஆடுகள் அத்தனை மயிருக்கு எங்கே போகும்? கடல் கடந்து, கப்பல் கப்பலாகப் பொதி வந்து இறங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரண்மனையில் அந்த மூன்றெழுத்துச் சொல்லை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள், 'உரோமம்' என்பார்கள். ஆற்றங்கரைக் கொட்டகையில் நாற்பது பேர் உட்கார்ந்து அந்தப் பொதிகளைப் பிரித்தார்களே, அவர்களுக்கு அதை விட்டால் வேறு சொல்லே கிடையாது. நாம் இடத்துக்குத் தகுந்தாற்போல் பேசிக்கொள்வோம்.

கொட்டகை வேலை பார்க்கச் சாதுவான வேலைதான். பொதியை அவிழ்க்க வேண்டும். வெள்ளையைத் தனியே, பழுப்பைத் தனியே, நீளத்தைத் தனியே, குட்டையைத் தனியே பிரித்து நெசவுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பொதிக்குள் இருந்ததெல்லாம் உயிரோடிருந்த ஆட்டில் வெட்டியது அல்ல. நோய் கண்டு செத்த ஆட்டின் மயிரையும் அந்த ஊர் வியாபாரிகள் நடுவில் வைத்துக் கட்டியிருந்தார்கள். சடைபிடித்து, ரத்தம் காய்ந்து கிடக்கும். பொதி அவிழ்ந்ததும் தூசி கிளம்பும். கையில் சிராய்ப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு கொப்புளம் வரும், நடுவில் கரியாகக் கறுக்கும், பின்னாலேயே காய்ச்சல் வரும். தூசியை மூச்சோடு இழுத்தவர் பாடு அதைவிட மோசம். அடைக்கன் என்பவன் திங்களன்று இருமினான், வெள்ளியன்று போய்விட்டான். அவன் மச்சானும் பத்து நாளில் போனான்.

செய்தி கேட்டு ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. அரண்மனை வைத்தியரை அழைத்துக் கேட்டார். வைத்தியர் பன்னிரண்டு விஷயம் சொன்னார். பொதியை வெந்நீரில் ஊறவைத்த பிறகே அவிழ்க்க வேண்டும். உள்ளே போகத் தனி உடுப்பு வேண்டும். உள்ளே எதுவும் தின்னக்கூடாது. கைகழுவாமல் சோற்றில் கைவைக்கக்கூடாது. புண்ணும் சிராய்ப்பும் உள்ளவர் வைத்தியரிடம் காட்டாமல் பொதியைத் தொடக்கூடாது. சடைபிடித்ததைத் தனியே எடுத்துப் புதைக்க வேண்டும். இப்படியே பன்னிரண்டு. எல்லாம் நல்ல விஷயங்கள். ராஜா அவற்றை விதிகளாக எழுதச் சொல்லி ஓலைநாயகத்திடம் ஒப்படைத்தார்.

இங்கேதான் கதை கோணிற்று.

ஓலைநாயகம் என்பது பதவி. ராஜாவின் கட்டளை எல்லாவற்றையும் எழுத்தில் வடிப்பவர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் தாண்டவராயர். அவர் எழுதிய ஓலையைப் படிக்க மூன்று புலவர்கள் உட்கார வேண்டும், அதில் ஒருவர் மற்ற இருவரிடம் பொருள் கேட்க வேண்டும். அதுதான் அவருக்குப் பெருமை. அவருக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதன் பெயர் பொய்யாமணி. சபையின் விகடகவி. தாண்டவராயர் நூறு அடி பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். பொய்யாமணி ஒரு தும்மல் போட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். எந்த மனிதருக்குத்தான் எரியாது?

தாண்டவராயர் பன்னிரண்டு விதிகளையும் பன்னிரண்டு செய்யுளாக்கினார். ஆளுயரக் கருங்கல்லில் செதுக்கி, மேளம் முழங்கக் கொட்டகை வாசலில் நட்டார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "இதுதான் உங்கள் விதி. இதை யாரும் மீற முடியாது, மீறவும் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. கொட்டகையில் இன்னும் ஐந்து பேர் படுத்துவிட்டார்கள் என்று சபைக்குச் செய்தி வந்தது. ராஜா கவலையோடு கேட்டார்:

"ஓலைநாயகமே, விதிகள் வகுத்தும் இது ஏன்? கொட்டகையில் என்ன நடக்கிறது?"

"எல்லாம் விதிப்படியே நடக்கிறது, பிரபு" என்றார் தாண்டவராயர்.

தூணோரம் இருந்த பொய்யாமணிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

தாண்டவராயர் திரும்பினார். இந்த நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"பிரபு, குற்றம் விதியில் இல்லை, கொட்டகையாரிடம் இருக்கிறது. அவர்கள் மீறுகிறார்கள். நம் விகடகவிக்கு இது சிரிப்பாக இருக்கிறது. அவரே சென்று அவர்களைப் பின்பற்றச் செய்யட்டுமே. எட்டு நாள் அவகாசம். காவலரும் கூடாது, சவுக்கும் கூடாது. அடியேன் செதுக்குவித்த பன்னிரண்டு விதிகளில் ஓர் எழுத்தை மாற்றவும் கூடாது, அழிக்கவும் கூடாது. இயலாவிட்டால், சிரித்த வாயோடு அந்தக் கொட்டகையிலேயே அமர்ந்து ஆயுள் முழுக்க உரோமம் பிரிக்கட்டும்."

ராஜாவுக்கு இது சுவாரசியமாகப் பட்டது. "பொய்யாமணி, சம்மதமா?"

"சம்மதம், பிரபு. ஒரு சின்னச் சந்தேகம். எட்டாம் நாள் பார்க்கும்போது எல்லோரும் விதியைப் பின்பற்றிக்கொண்டிருந்தால் போதுமா, வேறு எதுவும் நடந்திருக்க வேண்டுமா?"

"அதைச் செய்தாலே போதும்! அதற்கு மேல் உம்மிடம் யார் எதிர்பார்த்தார்கள்?" என்றார் தாண்டவராயர்.

"ஓர் எழுத்தும் மீறாமல்?"

"ஓர் எழுத்தும் மீறாமல்!"

"சபையோர் கேட்டுக்கொண்டார்கள்" என்று கும்பிட்டுவிட்டுப் பொய்யாமணி வெளியே வந்தான். வந்தபிறகுதான் அவனுக்குக் கொட்டகைத் தூசி நினைவுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளைப்பு. பஞ்சுத் தலையணையை உதறினாலே அரைநாள் மூச்சு வாங்குவான். அந்தக் கொட்டகையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தாண்டவராயருக்கும் தெரியும்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனான். வாசலில் கல் நின்றது. ஆனால் கல்லே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை சாத்தியிருந்தார்கள். முன்னால் ஓர் அகல் எரிந்தது. வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மூன்று சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரே உள்ளே போய்க் காய்ந்த பொதியை அப்படியே அவிழ்த்தார்கள்.

கொட்டகைக்குப் பெரியவள் மயிலாயி. நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். மெதுவாகப் பேசினாலே அக்கரையில் கேட்கும். பொய்யாமணி அவளிடம் போனான்.

"தாயி, இது என்ன சாமி?"

"விதி சாமி."

"விதி சாமியா?"

"ஆமாங்கய்யா. அரமணையிலேருந்து பல்லக்குல ஒருத்தர் வந்தாரு. 'இதுதான் உங்க விதி, யாரும் மீற முடியாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எழுதியே வச்சாச்சு, அதுவும் கல்லுல. இனி நாங்க என்ன பண்ண முடியும்? யாருக்கு எப்பன்னு அதுல போட்டிருக்கும்போல. கொஞ்சம் பாத்துச் செய்யப்பான்னு கும்புட்டுட்டு உள்ள போறோம்."

பொய்யாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் கை காட்டிய பக்கம் பார்த்ததும் அது நின்றுவிட்டது. புங்கமரத்தடியில் பாயில் ஒருவன் படுத்திருந்தான். முழங்கைக்குக் கீழே வீங்கி, நடுவில் கறுத்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரு. சீரங்கன்னு பேரு. நேத்துலேருந்து காய்ச்சல். வீட்டுல பாக்க ஆளில்ல, அதான் இங்கயே கண்ணு முன்னால போட்டுருக்கேன்" என்றாள் மயிலாயி. குரல் இப்போது அக்கரைக்குக் கேட்கவில்லை.

"கல்லுல என்ன எழுதியிருக்குன்னு யாருமே படிச்சுப் பாக்கலையா?"

"பக்கத்துத் தெருத் திண்ணைப்பள்ளி அண்ணாவியார் வந்து எழுத்துக்கூட்டிப் பாத்தாரு. முத பாட்டுல 'கடித்தனம்'னு இருக்காம். ராஜா கடிச்சாராம். யாரக் கடிச்சாருன்னு அவருக்கும் தெரியல."

பொய்யாமணி மாலையை ஒதுக்கிப் பார்த்தான். முதல் செய்யுள் இப்படி இருந்தது:

'வெய்யநீர் படியா வியன்மயிர்ப் பொதிதனைக்
கையினாற் றீண்டல் கடிந்தனம் யாமே.'

"கடிச்சது இல்ல தாயி. கடிஞ்சது. கூடாதுன்னு சொல்றது. வெந்நீர்ல ஊறவைக்காத பொதியக் கையால தொடாதன்னு அர்த்தம்."

மயிலாயி இடுப்பில் கைவைத்தாள். "இவ்வளவுதானா? இத முத நாளே நாங்களே சொன்னோமேய்யா! நனைச்சா தூசி அடங்கும், பெரிய கொப்பரை ரெண்டு குடுங்க, வெறகு குடுங்கன்னு கேட்டோம். எழுதிக் குடுன்னாங்க. எழுதத் தெரிஞ்சா நாங்க ஏன் மயிரு பிரிக்கிறோம்? அப்புறம் ஒரு நாளு மேளச்சத்தம் கேட்டுச்சு. கொப்பரைதான் வருதுன்னு ஓடியாந்தோம். கல்லு வந்துச்சு."

பொய்யாமணி மூளையில் ஒரு தந்திரம் ஓடிற்று. "தாயி, கல்லு சாமியாயிருச்சில்ல? அப்ப பொதியும் சாமி சொத்து. அபிஷேகம் பண்ணாம அவுத்தா சாமி குத்தம்னு எல்லாருக்கும் சொல்லிருவோம். பயந்துக்கிட்டாவது..."

"இந்த வேலையெல்லாம் வேணாம்யா" என்றாள் அவள். "எங்களுக்கும் மூளை இருக்கு. கொப்பரைதான் இல்ல."

பொய்யாமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல் பக்கம் திரும்பினான். முன்பக்கம் பன்னிரண்டு செய்யுள். பின்னால் போய்ப் பார்த்தான். பின்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அதைக் கையால் ஒரு தடவு தடவினான். பிறகு எல்லோரையும் வெளியே வரச்சொல்லி, பன்னிரண்டையும் அவர்கள் பேசுகிற பேச்சில் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் கேட்டான்:

"இனிமே இதுல ஒண்ணக்கூட மீறாம நடக்க உங்களால முடியுமா?"

"கொப்பரை இல்லாம எப்படிய்யா?"

"கொப்பரை இல்லன்னா வெந்நீர் இல்ல. வெந்நீர் இல்லன்னா?"

மயிலாயி யோசித்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது. "பொதியத் தொடக்கூடாது."

"தனி உடுப்பு குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப?"

"உள்ளயே போகக்கூடாது!" எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"வேலைய நிறுத்திட்டோம்னு சவுக்கோட வருவாங்களேய்யா" என்றாள் மயிலாயி.

"நான் நிறுத்தச் சொல்லலையே. ராஜா கட்டளைப்படி நடக்கச் சொல்றேன். எட்டு நாளைக்கு நான் பொறுப்பு. எனக்கும் உசுரு மேல ஆசை இருக்கு தாயி, உன்னவிட ஒருபடி கூடவே."

அந்த எட்டு நாளும் அந்தக் கொட்டகையில் விதி நடந்ததுபோல் வேறெங்கும் நடந்திருக்காது. காலையில் நேரத்துக்கு வருவார்கள். வாசலில் நின்று, உடுப்பு வந்ததா என்று கேட்பார்கள். வரவில்லை என்றதும் புங்கமரத்தடிக்குப் போய்விடுவார்கள். கொட்டகைக்குள் ஒரு பருக்கை சிந்தவில்லை, ஏனென்றால் உள்ளே யாரும் இல்லை. சாப்பாட்டு வேளையில் ஆற்றில் இறங்கிக் கழுவு கழுவென்று கைகழுவினார்கள். கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் கையில் இல்லை, ஆனாலும் கழுவினார்கள். ஐந்தாவது விதி, புண்ணும் சிராய்ப்பும் உள்ளவர் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றது. இருபத்து மூன்று பேர், முள் கீறியவர் முதல் காய்ச்சலில் படுத்தவர் வரை, அரண்மனை வைத்தியர் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். முதலில் சீரங்கனைப் பாயோடு தூக்கிவந்து வைத்தார்கள். வைத்தியர் அவன் கையைப் பார்த்ததும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தினமும் இருவேளை மருந்து கட்டினார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் சீரங்கன் கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொன்னான். மயிலாயி அன்றைக்குத்தான் அழுதாள்.

அங்கே நெசவுசாலையில் நூல் வரவில்லை. கம்பளம் மூன்றாவது தூணோடு நின்றுவிட்டது. ராஜா தினமும் வந்து பார்ப்பார். அது அங்கேயே நிற்கும். எட்டாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"கொட்டகைக்கே போவோம்" என்று புறப்பட்டார். தோளில் சால்வை. கூடவே தாண்டவராயர். அவர் முகத்தில் அன்று கல்யாணக் களை. பொய்யாமணி தோற்றான், வேலையும் கெட்டது. ஒரே நாளில் இரண்டு சந்தோஷம் அவருக்கு.

போய்ப் பார்த்தால் எல்லோரும் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள். உள்ளே பொதிகள் கட்டுப்பிரியாமல் கூரை முட்டக் கிடந்தன.

"பொய்யாமணி! இங்கே என்ன நடக்கிறது?" ராஜாவின் குரல் உயர்ந்தது.

பொய்யாமணி குனிந்து வணங்கினான். "எல்லாம் விதிப்படியே நடக்கிறது, பிரபு."

"வேலை நடக்கவில்லையே!"

"விதி நடக்கிறது, பிரபு. அதுதானே பந்தயம்? ஓர் எழுத்தும் மீறவில்லை. வெந்நீரில் ஊறாத பொதியைத் தொடக்கூடாது என்று முதல் விதி. ஊறவைக்கக் கொப்பரை இல்லை, ஆகவே தொடவில்லை. தனி உடுப்பின்றி நுழையக்கூடாது என்று இரண்டாம் விதி. உடுப்பு வரவில்லை, ஆகவே நுழையவில்லை. வேறு எதுவும் நடக்க வேண்டுமா என்று அன்றே கேட்டேன். அதுவே போதும் என்று ஓலைநாயகம் சபையறியச் சொன்னார்."

ராஜா தாண்டவராயரைப் பார்த்தார். "கொப்பரை தரவில்லையா?"

"பிரபு, வெந்நீர் வேண்டும் என்று விதி உள்ளது. கொப்பரையை எவர் தரவேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே எவரும் தரவில்லை. அதுவும் விதிப்படியே." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. உடனே கோபத்தை வரவழைத்துக்கொண்டார். "இவையெல்லாம் சோம்பேறிகளின் சாக்கு, பிரபு! ஒரு பொதியை அவிழ்த்தால் என்ன குடிமுழுகிவிடும்?"

"ஒன்றும் முழுகாதுதான்" என்றான் பொய்யாமணி. "ஐயா அவர்களே ஒரு பொதியை அவிழ்த்துக் காட்டினால் இவர்களுக்கும் தைரியம் வரும். இதோ, இந்தப் பொதி. நடுவில் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்."

தாண்டவராயர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றடி பின்னால் போனார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"நான் ஏன் அவிழ்க்க வேண்டும்? எனக்கென்ன விதியா?"

பொய்யாமணி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

"பிரபு, எட்டு நாளாக நான் தேடிய சொல்லை ஐயா அவர்களே அருளிவிட்டார்! அவருக்கென்ன விதி? நானும் இந்தக் கல்லை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். பன்னிரண்டு விதி இருக்கிறது. பன்னிரண்டும் இவர்களுக்குத்தான். நனைக்க வேண்டியவர் இவர்கள், உடுத்த வேண்டியவர் இவர்கள், கழுவ வேண்டியவர் இவர்கள். கொப்பரை, விறகு, உடுப்பு கொடுக்க வேண்டியவருக்கு ஒரு விதிகூட இல்லை. இருந்திருந்தால் பாவம், அவர் கொடுத்திருக்க மாட்டாரா?"

ராஜா கல்லருகே போனார். மாலையையும் குங்குமத்தையும் பார்த்தார்.

"இது என்ன?"

மயிலாயி முன்னால் வந்தாள். "நாங்கதான் சாமி போட்டோம். இதுதான் எங்க விதின்னு நட்டுட்டுப் போனாங்க. விதின்னுட்டா மனுசன் என்ன பண்ணுவான்? செத்தா அதும்படி சாகணும்னு நெனச்சுக்கிட்டோம். அடைக்கனையும் அவன் மச்சானையும் அள்ளிக்கிட்டுப் போச்சு. எங்க வீட்டுக்காரரையும் கேக்குதேன்னு அரளி சாத்திக் கும்புட்டேன். அப்புறந்தான் இந்தய்யா படிச்சுச் சொன்னாரு, கேக்குறது வெந்நீருதான்னு."

ராஜாவுக்கு மூக்கு மட்டுமல்ல, கண்ணும் சிவந்துவிட்டது. தாம் இவர்கள் பிழைக்க வேண்டும் என்று சொன்ன வார்த்தை, இவர்கள் சாவுக்குத் தயாராகிற கல்லாக இங்கே வந்து நின்றிருக்கிறது. இதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. பொய்யாமணி பக்கம் திரும்பினார்.

"பொய்யாமணி, இதை மாற்றி எழுதச் சொல்கிறேன்."

"வேண்டாம், பிரபு. ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது பந்தயம். அதை மீறினால் நான் மயிர்... மன்னிக்க வேண்டும், உரோமம் பிரிக்கப் போக வேண்டும். ஆனால் கல்லுக்கு முதுகு என்று ஒன்று உண்டு. அது வெறுமையாக இருக்கிறது. முகத்தில் இவர்கள் விதி, முதுகில் ஓலைநாயகத்தின் விதி. முகத்தில் ஓர் எழுத்தும் மாறாது."

ராஜா அங்கேயே உத்தரவிட்டார். ஓலையும் எழுத்தாணியும் வந்தன, கல்தச்சர் வந்தார். பின்பக்கத்தைத் தாண்டவராயரே எழுத வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரியையும் மயிலாயிக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவள் புரிகிறது என்று தலையாட்டினால்தான் உளி கல்லைத் தொடும். தாண்டவராயருக்கு இதற்குச் சவுக்கடியே மேல் என்று இருந்தது.

"வெய்யநீர் நல்கப்படுதல் வேண்டும்" என்று படித்தார்.

"யாரு நல்குறது?" என்றாள் மயிலாயி.

அவர் எழுதியதை அடித்தார். மறுபடி எழுதினார். "அரசின்கண் அமைந்தோரால் நல்கப்படும்."

"அரசின் கண்ணுல யாரு ஒக்காந்திருக்கா? எங்களுக்குத் தெரிஞ்ச பேராச் சொல்லுங்க."

மறுபடி அடித்தார். "வெந்நீரை ஓலைநாயகம் தருவார்." பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு சின்ன வாக்கியம் எழுதியதில்லை.

"எப்ப?"

"காலையில்..."

"காலையிலன்னா உச்சிவெயில் வரைக்கும் காலதான்யா."

"வேலை தொடங்கும் முன்!" என்று கத்தினார் தாண்டவராயர்.

மயிலாயி தலையாட்டினாள். உளி விழுந்தது.

இப்படியே சாயங்காலத்துக்குள் ஏழு விதிகள் ஏறின. கொப்பரை இரண்டும், விறகும், ஆளுக்கு இரண்டு உடுப்பும் ஓலைநாயகம் தருவார். தூசி போகச் சுவரில் நான்கு ஜன்னல் வைப்பார். நனைந்த மயிரை உலர்த்தக் களம் போட்டுக் கொடுப்பார். சாப்பிட வெளியே பந்தல் போடுவார். வைத்தியரை வாரம் இருமுறை அழைத்து வருவார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்று பொதி அவிழாது. ஏழாவது விதியை ராஜா தாமே சொன்னார்: அன்று பொதி ஏன் அவிழவில்லை என்று ஓலைநாயகம் சபைக்கு வந்து, ஒரே வரியில், மயிலாயிக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வரிக்குப் பயந்தே தாண்டவராயர் மறுநாள் விடியும்போது கொப்பரையோடு வந்து நின்றார். வெந்நீர் தளதளவென்று கொதித்தது. முதல் பொதி முங்கி எழுந்தது, தூசி இல்லாமல் அவிழ்ந்தது. நடுவில் இருந்த கறுத்த சடையைக் குச்சியால் எடுத்துக் குழியில் போட்டு மூடினார்கள். ராஜாவும் வந்திருந்தார். கொப்பரை ஆவிக்குப் பக்கத்தில், கம்பளிச் சால்வையோடு, பத்து நிமிஷம் நின்றார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை.

"பொய்யாமணி" என்றார், "பந்தயத்தில் ஜெயித்தாய். என் கண்ணையும் திறந்தாய். உனக்கு ஒரு பரிசு தரவேண்டும். இந்த நாட்டிலேயே விலைமதிப்பற்ற பொருள் எதுவோ அதைத் தருகிறேன்." சொல்லிக்கொண்டே, விட்டது தொல்லை என்று தோளிலிருந்த சால்வையை எடுத்து நீட்டினார்.

பொய்யாமணி கையை நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லை ஒருமுறை பார்த்தான், சால்வையை ஒருமுறை பார்த்தான்.

"அடியேன் பாக்கியம், பிரபு. ஆனால் முதல் விதி இருக்கிறதே. இது நனைந்ததுதானா?"

"அட, சித்திரையிலிருந்து இது என் வியர்வையில் அல்லவா ஊறிக்கொண்டிருக்கிறது!" என்றார் ராஜா. சொல்லிவிட்டு, ஆறும் அக்கரையும் கேட்க விழுந்து விழுந்து சிரித்தார். சால்வையோடு, போர்த்தத் தகுந்த பருத்தி வேட்டிகள் பத்தும், ஊருக்கு வடக்கே காற்றோட்டமான ஒரு வீடும் பொய்யாமணிக்குக் கிடைத்தன. சபாமண்டபத்துக் கம்பளம் மூன்றாவது தூணோடு போதும் என்று ராஜா நிறுத்திவிட்டார். மந்திரிகள் 'ஆகா' என்றார்கள், இந்த முறை நிஜமாகவே. விதிக் கல்லுக்கு அதன்பின் யாரும் அரளி சாத்தவில்லை. மயிலாயி மட்டும் வேலைக்குப் போகிறபோது அதன் முதுகுப் பக்கமாகச் சுற்றி, வெந்நீர் கொதிக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.